தமிழில் வந்த உத்தரவுக்குத் தமிழிலேயே ஒரு பதில்

அமெரிக்க ஸ்கில்டு நர்சிங் ஃபெசிலிட்டிகளில், அதாவது மருத்துவமனையிலிருந்து வருபவர்கள் தங்கித் தேறும் மையங்களில், ரிஹேப் டைரக்டர்களாகவும் ரீஜனல் மேனேஜர்களாகவும் இருக்கும் தமிழ் பிசியோதெரபிஸ்ட்டுகளுக்கு,

போன ஞாயிறு இரவு 9:40 மணிக்கு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. 52 விநாடி. பேசியவர் உங்களில் ஒருவர். நாங்கள் எல்லோரும் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். "நாளையிலேர்ந்து ப்ரொடக்டிவிட்டி 92. நோட்ஸ் முடியலேன்னா க்ளாக் அவுட் பண்ணிட்டு எழுதிடுங்கப்பா. இதையெல்லாம் ஈமெயில்ல கேட்டுக்கிட்டு இருக்காதீங்க. நமக்குள்ளயே பாத்துக்கலாம்." கடைசியில் ஒரு கும்பிடு பொம்மை.

மறுநாள் காலை கம்பெனியிலிருந்து ஆங்கிலத்தில் மின்னஞ்சல் வந்தது. அதிலும் 92 இருந்தது. வேலை முடிந்ததாக நேரத்தைப் பதிவு செய்யும் க்ளாக் அவுட் பற்றிப் பேச்சே இல்லை. அடியில், பணி நேரத்துக்கு வெளியே வேலை பார்ப்பது அனுமதிக்கப்படாது என்ற வழக்கமான வரி மட்டும் இருந்தது. கம்பெனி ஆங்கிலத்தில் கூடாது என்று எழுதி வைத்துக்கொண்டது. அதைச் செய்யச் சொல்லும் வேலை தமிழுக்கு வந்திருக்கிறது. நாளைக்கு யாராவது விசாரித்தால் காகிதத்தில் இருப்பது ஆங்கிலம்தான். உங்கள் குரல் பதிவை எந்த அதிகாரி உட்கார்ந்து மொழிபெயர்க்கப் போகிறார் என்ற தைரியம்.

நான் 11 வருஷமாக ஒஹாயோவில் பிசியோதெரபிஸ்ட் வேலையில் இருக்கிறேன். கேட்க வேண்டியதை இத்தனை நாளும் தனியாக, அண்ணா அக்கா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். இனிமேல் எல்லோர் முன்னிலையிலும் கேட்கிறேன். நீங்கள் தேர்ந்தெடுத்த மொழியிலேயே கேட்கிறேன்.

முதலில் 92 என்றால் என்னவென்று, ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரியும், தாண்டிப் போகலாம். 8 மணி நேரம் என்பது 480 நிமிடம். அதில் 92 சதவீதம், அதாவது ஏறக்குறைய 442 நிமிடம், சிகிச்சை என்று பதிவாக வேண்டும். மீதி 38 நிமிடம். அந்த 38-க்குள் அடங்க வேண்டியவை: ஒருவரின் அறையிலிருந்து அடுத்தவரின் அறைக்கு நடப்பது; வீல்சேரின் கால் தாங்கி எங்கே போனது என்று மூன்று அறைகளில் தேடுவது; வலி மாத்திரை இன்னும் கொடுக்கவில்லை என்று நர்ஸைத் தேடிப் பிடிப்பது; நோயாளி கழிவறையில் இருந்தால் வெளியே நிற்பது; லிஃப்ட் இயந்திரத்தில் தூக்க இன்னொரு ஆளுக்காகக் காத்திருப்பது; காலைக் கூட்டம்; அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்கும் மகளுக்குத் தொலைபேசியில் பதில் சொல்வது. இதற்கெல்லாம் பிறகு, 10 அல்லது 12 பேரின் சிகிச்சைக் குறிப்புகள். நான் ஒருமுறைகூடக் கழிவறைக்குப் போகவில்லை என்று வைத்துக்கொண்டாலும் இது ஆகாது. உங்களில் கடைசியாக ஒரு முழுநாள் நோயாளிகளைப் பார்த்தவர் யார், எந்த வருஷம் என்று கேட்கலாமா?

ஆகாத கணக்கு ஆவதற்கு ஒரே வழி, பின்னத்தின் கீழ் எண்ணைக் குறைப்பது. 4:30-க்குக் கட்டைவிரல் வைத்து வெளியேறிவிட்டு 5:10 வரை எழுதினால் அந்த 40 நிமிடம் இல்லாத நேரமாகிவிடும். ஒரு நாளைக்கு 40 என்றால் வாரத்துக்கு 200, வருஷத்துக்கு 50 வாரம் என்று வைத்தாலும் 10,000 நிமிடம். 166 மணி நேரம். முழுதாக நான்கு வாரச் சம்பளம். அதை நாங்கள் கம்பெனிக்கு மொய் வைக்கிறோம், மொய் நோட்டில் பெயர்கூட இல்லாமல். மணிக்கணக்கில் சம்பளம் வாங்குபவரை இப்படிச் செய்ய வைப்பது 1938-இல் வந்த தொழிலாளர் நியாயத் தரச் சட்டத்துக்கு எதிரானது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்ததால்தான் குரல் பதிவு.

சம்பளம் என் பிரச்சினை, அதை நான் எப்படியாவது பார்த்துக்கொள்வேன். ஆனால் நோயாளிக்கு என்ன ஆகிறது?

இந்த வருஷத் தொடக்கத்தில் ஓர் அம்மையார் வந்தார். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். 83 வயது. 30 வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்து வந்திருந்தார். வீட்டு வாசலில் 4 படி, ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி. கணவருக்கு 86. முதல் நாள் மதிப்பீட்டிலேயே எழுதினேன்: வீடு திரும்ப 4 படி ஏற வேண்டும்.

ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். இதைச் சொல்லித்தர ஒரு நிமிடம் போதும். உடம்பு அதை நம்புவதற்கு நாள் ஆகும். அந்த அம்மையார் ஜிம்மில் இருக்கும் பயிற்சிப் படியின் முன் நின்று தனக்குத் தானே "கம்பியைப் பிடி, கம்பியைப் பிடி" என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொள்வார். யாரிடம் பேசுகிறீர்கள் என்று கேட்டேன். பேருந்தில் ஏறும் சின்னப் பிள்ளைகளிடம் 30 வருஷம் சொன்ன வார்த்தையாம். இப்போது தனக்கே சொல்ல வேண்டியிருக்கிறது என்று சிரித்தார். அவர் இடுப்பில் கட்டிய பட்டையை நான் பிடித்திருக்க, அவர் முதல் படி ஏறினார். அது 8-ஆம் நாள்.

9-ஆம் நாள் அட்டவணையில் அவர் பெயர் குரூப் தெரபிக்கு மாறியிருந்தது. நான் மாற்றவில்லை. நான்கு பேர் வட்டமாக உட்கார்ந்து பந்து எறிய வேண்டும். ஒருவருக்குக் காது கேட்காது. ஒருவருக்கு வலப்பக்கம் பக்கவாதம். ஒருவர் மறதி நோயால் பந்து வந்ததையே மறந்துவிடுவார். நான்காவது ஆள் நம் பேருந்து அம்மையார். 40 நிமிடம். ஒரு தெரபிஸ்ட் செலவழித்த 40 நிமிடத்தில் நான்கு பேரின் பதிவேட்டிலும் தலா 40 ஏறிவிடும். குரூப்பே தப்பு என்று நான் சொல்லவில்லை. உட்கார்ந்த இடத்தில் செய்யும் பயிற்சியைப் பாட்டுப் போட்டுச் செய்தால், தனியறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பவர்கள்கூட வந்து உட்காருவார்கள். பார்த்திருக்கிறேன். ஆனால் படி ஏற வேண்டியவருக்குப் பந்து எதற்கு?

அப்படியே நாள் போனது. வாரத்தில் இரண்டு நாள் குரூப், மற்ற நாட்களில் 25 நிமிடம். 25 நிமிடத்தில் அறையிலிருந்து அழைத்துவந்து, இரத்த அழுத்தம் பார்த்து, நிற்க வைத்து, நடக்க வைத்தால் படிக்கு நேரம் இருக்காது. 20-ஆம் நாள் வந்தது. மூன்று நாள் மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்துவிட்டு வருபவருக்கு முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் 100 நாள் வரை தருகிறது. ஆனால் முதல் 20 நாள்தான் இலவசம். 21-ஆம் நாளிலிருந்து 2025 கணக்குப்படி நாளொன்றுக்கு 209 டாலர் 50 சென்ட் நோயாளி கட்ட வேண்டும். அவர்களிடம் துணைக் காப்பீடு இல்லை. கணவர் கிளம்பிவிடலாம் என்றார். அம்மையார் இரண்டு படி ஏறக் கற்றிருந்தார், அதுவும் ஒரு ஆள் பிடித்துக்கொண்டால்.

வீட்டு வாசலில் தீயணைப்பு நிலையத்து ஆட்கள் வந்து நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்தார்கள் என்று பிறகு மகள் சொல்லித் தெரிந்தது. அன்றிலிருந்து வெளியே வரவில்லை. கீழே இறங்க யார் தூக்குவது? அவர் வீட்டுக்குப் போனது எங்கள் பதிவேட்டில் வெற்றிகரமான டிஸ்சார்ஜ்.

அந்த 20 இலவச நாட்களை நாம் என்ன செய்தோம் என்று எனக்குச் சொல்லுங்கள்.

நான் யோக்கியமாகப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2014-இல் நான் வந்தபோது மெடிகேர் நிமிடக் கணக்கில் பணம் கொடுத்தது. ஒரு வாரத்தில் 720 நிமிடம் தொட்டால் அல்ட்ரா ஹை என்ற உச்சப் பிரிவு. 719 என்றால் கீழ்ப்பிரிவு, கம்பெனிக்கு நஷ்டம். அப்போது இதே நீங்கள்தான் 'இன்னும் 11 நிமிஷம் வேணும்மா' என்று சொல்வீர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம், களைத்துப் போய்க் கண் மூடிக் கிடந்த 91 வயதுக் கிழவரை எழுப்பி உட்கார வைத்து, முழங்காலை நீட்டி மடக்கி 11 நிமிடம் எடுத்தேன். வேண்டாம் என்று அவர் இரண்டு முறை சொன்னார். நான் எடுத்தேன். தேவையில்லாத தெரபிக்கு மெடிகேரிடம் பணம் வாங்க வழிசெய்ததாக எழுந்த வழக்கைத் தீர்க்க 2016 ஜனவரியில் ஒரு பெரிய ஒப்பந்த தெரபி நிறுவனம் 12.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு அந்தக் கிழவரின் முகம்தான் வந்தது.

பிறகு 2019 அக்டோபர் 1. பிடிபிஎம் என்ற புது முறை. நிமிடத்துக்குப் பணம் இல்லை. நோயாளியின் நோய் என்ன, நிலை என்ன என்று பார்த்து நாளொன்றுக்கு இவ்வளவு என்று பணம். தெரபி வருமானமாக இருந்த இடத்தில் செலவாக மாறியது. பிசியோவுக்கும், அன்றாட வேலைகளைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கும் உரிய தொகை 20-ஆம் நாளுக்குப் பிறகு 7 நாளுக்கு 2 சதவீதம் வீதம் குறைந்துகொண்டே போகும். அந்த மாதமே எங்கள் கட்டடத்தில் மூன்று பேருக்கு வேலை போனது. 'இன்னும் 11 நிமிஷம்' என்றவர்கள் 'இவங்களுக்கு எதுக்கு இவ்ளோ தெரபி' என்று கேட்க ஆரம்பித்தீர்கள். செப்டம்பர் 30 இரவுக்கும் அக்டோபர் 1 காலைக்கும் நடுவில் எந்த முழங்காலும் மாறவில்லை. குரூப்பும் இருவரைச் சேர்த்துப் பார்ப்பதும் ஒரு நோயாளியின் மொத்தத் தெரபி நேரத்தில் 25 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று மெடிகேர் வைத்தது உச்சவரம்பு. நீங்கள் அதை இலக்காக்கி வெள்ளைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறீர்கள்.

படுக்கையில் கிடப்பது என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆரோக்கியமான முதியவர்களையே 10 நாள் படுக்க வைத்துப் பார்த்த ஆய்வு 2007-இல் வெளிவந்தது. கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போயிருந்தது. நம்மிடம் வருபவர்கள் ஆரோக்கியமானவர்கள் இல்லை.

இன்னொன்று, சுருக்கமாக. பார்க்கின்சன் உள்ள ஒருவர் எங்களிடம் இருந்தார். முன்னேற்றம் மெதுவாகிவிட்டது, குறிப்பில் 'ப்ளாட்டோ', அதாவது முன்னேற்றம் நின்றுவிட்டது, என்று எழுதி முடித்துவிடுங்கள் என்றார் டைரக்டர். இருக்கும் நடையைக் காப்பாற்றவே தேர்ந்த கை வேண்டியிருந்தது. முன்னேற்றம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மெடிகேர் மறுக்கக் கூடாது, நிலையைத் தக்கவைக்கவும் தேர்ந்த தெரபி தேவைப்பட்டால் தர வேண்டும் என்று, மெடிகேரை எதிர்த்து நடந்த ஜிம்மோ வழக்கின் உடன்பாட்டில் 2013 ஜனவரியிலேயே முடிவாகிவிட்டது. சேவை முடிகிறது என்ற அறிவிப்பைக் குறைந்தது 2 நாள் முன்னால் கொடுக்க வேண்டும், முடியும் நாளுக்கு முந்தைய நாள் நண்பகலுக்குள் தொலைபேசியிலேயே மேல்முறையீடு செய்யலாம், அதற்குக் காசு இல்லை. இதை அவர் மனைவிக்கு யாரும் விளக்கவில்லை. காகிதத்தை நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டார். நான் சொல்லப் போனபோது, 'அது சோஷியல் வொர்க்கர் வேலை, நீ ஏன் தலையிடுறே' என்று கேட்டீர்கள்.

இத்தனையும் தெரிந்தும் ஏன் 11 வருஷம் வாயைத் திறக்கவில்லை என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. உங்களுக்குத்தான் பதில் நன்றாகத் தெரியும். எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் நாலரை வருஷம் படித்து, சான்றிதழ்களை மதிப்பீட்டுக்கு அனுப்பி, அமெரிக்க பிசியோ உரிமத்துக்கான என்பிடிஇ தேர்வுக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டி, எச்-1பி வேலை விசாவில் வந்திறங்குகிறோம். வந்ததும் பாண்டு. இடையில் போனால் இத்தனை ஆயிரம் டாலர். வேலை போனால் அதிகபட்சம் 60 நாள், அதற்குள் இன்னொரு கம்பெனி கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டும். இந்த நாட்டில் ஆள் பற்றாக்குறை உள்ள வேலைகள் என்று அரசே பட்டியலிட்டு நர்ஸ்களோடு நம்மையும் வைத்திருக்கிறது. ஆனாலும் கிரீன் கார்டு வரிசை இந்தியர்களுக்கு 2025-லும் 2012, 2013-இல் இடம்பிடித்தவர்களிடமே நகர்ந்துகொண்டிருந்தது. எனக்கு வந்துவிட்டது. காரணம் என் திறமை இல்லை. என் கணவர் பிறந்தது ஈப்போவில். மனைவியை மலேசியக் கணக்கில் சேர்க்கலாம் என்று ஒரு விதி இருக்கிறது. அவர் பிறந்த ஆஸ்பத்திரி எனக்கு வாய் கொடுத்தது. என்னோடு வந்தவர்கள் இன்னும் வாயைக் கட்டிக்கொண்டு 9 மணிக்குச் சமையலறை மேடையில் லேப்டாப்பை வைத்து நோட்ஸ் எழுதுகிறார்கள்.

போன மாதம் ஒரு பையன், நாமக்கல் பக்கம், வந்து எட்டு மாதம். அவனுடைய எண் 84. உங்களில் ஒருவர் அவனைக் கூப்பிட்டு, 'தம்பி, உன் விசா எக்ஸ்டென்ஷன் பேப்பர் ஹெச்.ஆர்.ல இருக்கு, ஞாபகம் வெச்சுக்கோ' என்றிருக்கிறீர்கள். மிரட்டல் மாதிரியே இல்லை, அக்கறை மாதிரி இருந்தது என்று அவனே சொன்னான். தம்பி என்ற சொல்லை இதற்கா பயன்படுத்துவது? விமான நிலையத்துக்கு வந்து அழைத்துப் போனவர்கள் நீங்கள். முதல் மாதம் உங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் தங்கவைத்தவர்கள், கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்கள், முதல் பனியில் போட்டுக்கொள்ள ஜாக்கெட் கொடுத்தவர்கள். உங்கள் சோற்றை நானும் தின்றிருக்கிறேன். அதை மறக்கவில்லை. அதனால்தான் தொழிலாளர் துறைக்குப் போவதற்கு முன் உங்களிடம் வருகிறேன்.

உங்கள் மேலும் அழுத்தம் இருக்கிறது, தெரியும். திங்கள் காலை அழைப்பில் ஒவ்வொரு கட்டடத்தின் எண்ணையும் வரிசையாக வாசிப்பார்கள், கடைசியில் இருப்பவர் விளக்க வேண்டும். ஆனால் அந்த அழைப்பில் "92 ஆகாது" என்று ஆங்கிலத்தில் சொல்லக்கூடிய ஆள் நீங்கள் மட்டும்தான். நாங்கள் அந்த அழைப்பிலேயே இல்லை. அங்கே பேசாமல் இருந்துவிட்டு இங்கே வந்து தமிழில் பேசுகிறீர்கள்.

கேட்பது இவைதான். ஞாயிறு இரவுக் குரல் பதிவில் சொன்னதை ஒன்று கம்பெனி மின்னஞ்சலில் ஆங்கிலத்தில் உங்கள் பெயரிட்டு அனுப்புங்கள், இல்லையென்றால் அதே குழுவில், அதே தமிழில், திரும்பப் பெறுங்கள். க்ளாக் அவுட் செய்த பிறகு எழுதியவர்கள் அந்த நேரத்தைத் திருத்தப் படிவத்தில் ஏற்றிச் சம்பளம் பெற விடுங்கள். ஏற்றியவர் யார் என்று பட்டியல் எடுக்காதீர்கள். குரூப்பில் யாரைச் சேர்ப்பது என்பதை மதிப்பீடு செய்த தெரபிஸ்ட் முடிவு செய்யட்டும். 25 என்ற எண்ணைப் பலகையிலிருந்து அழியுங்கள். தெரபியின் நாட்களையோ நிமிடத்தையோ நீங்கள் மாற்றினால், மாற்றியவர் என்று உங்கள் பெயரை, ஏன் மாற்றினீர்கள் என்பதோடு குறிப்பில் எழுதுங்கள். அந்தக் குறிப்பின் அடியில் இருப்பது என் கையெழுத்து, என் உரிம எண். சேவை முடியும் அறிவிப்பைக் கொடுக்கும்போது மேல்முறையீடு செய்யும் எண்ணையும் நண்பகல் கெடுவையும் குடும்பத்துக்கு வாய்விட்டுச் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள். அதுவரை என் நோயாளிகளுக்கு நானே சொல்வேன். ப்ரொடக்டிவிட்டி பேசும் அறையில் விசாவைப் பற்றி ஒரு வார்த்தையும், ஜாடையாகக்கூட, வேண்டாம்.

இந்த மாதம் 30-ஆம் தேதி வரை காத்திருப்பேன். அதற்குள் குழுவில் பதில் வராவிட்டால், 52 விநாடிப் பதிவை நானே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தொழிலாளர் துறையின் ஊதிய, பணிநேரப் பிரிவுக்குக் கொடுப்பேன். புகார் கொடுப்பவரின் விசா நிலை என்னவென்று பார்த்துத்தான் வாங்குவோம் என்று அங்கே சொல்வதில்லை. இது நாமக்கல் தம்பிக்கும் தெரியட்டும்.

இப்படிக்கு,
ஒஹாயோவில் ஒரு நர்சிங் ஃபெசிலிட்டியில் 11 வருஷமாக வேலை பார்க்கும் பிசியோதெரபிஸ்ட்